மலை சுத்தமா

பெப்ரவரி 6, செவ்வாய்

ஹட்டன் டியூஷனில் இன்று ஒரு மணி நேரம் கன்னத்தில் வெண்கட்டித் தூளோடு பாடம் நடத்தியிருக்கிறேன். பஸ் ஜன்னலில் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் எதிரே இருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. அவர்களில் ஒருத்தி, ஷாமிலா, அதே பஸ்ஸில் வந்தாள். கேட்டேன்.

“மிஸ்ஸுக்குத் தெரியும்னு நெனச்சோம்.”

“தெரிஞ்சா தொடைச்சிருக்க மாட்டேனா?”

“வேணும்னே வச்சிருக்கீங்களோன்னு நெனச்சோம் மிஸ்.”

இறங்கும்வரை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அது போகவில்லை. என் கன்னம். எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் ‘தெரியும்’. ஒரு மணி நேரம் இருபத்திரண்டு பேர் இப்படி இருக்க முடிகிறது. மெய்யியல் படித்தவளுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடைக்காது. வேலை நியமனம் வரும்வரை எனக்கு இப்படித்தான் ஏதாவது வேண்டியிருக்கிறது.

பெப்ரவரி 8, வியாழன்

அம்மா எங்கள் லயத்துக் காம்பராவைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.

“பூட்டுனது தெரியுந்தானேம்மா?”

“தெரியும்.”

“பிறகு?”

“தெரிஞ்சா மட்டும் போதுமா?”

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். நானும் ஒரு தரம் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. காரணமில்லாத கால்கள். பதினோராம் நம்பர் மலை வழியாக நடந்தேன். மேல் வளைவுக்குச் சற்றுக் கீழே, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு நிழல்மரத்தில் குளவிக்கூடு. பெரிது. சுரைக்காய் அளவு இல்லை, ஒரு ஆட்டுக்குட்டி அளவு. சாம்பலும் மஞ்சளுமாக வரிவரியாக. வெயிலில் அது மூச்சுவிடுவதுபோல் இருந்தது. பத்து நிமிடம் நின்று பார்த்தேன். அத்தனை உயிர்கள், அத்தனை ஒழுங்கு. ஒன்றுக்காவது தான் கூடு கட்டுவது தெரியுமா?

மரத்துக்கு அடியில் தேயிலை வரிசைகள் தளதளவென்று நிற்கின்றன. அம்மாவின் செட்டு நாளைக்கோ நாளை மறுநாளோ இங்கே கொழுந்தெடுக்க வரும். வீட்டுக்கு வந்ததும் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. இந்த மலையின் ஒவ்வொரு செடியையும் விரலால் அறிந்தவர்கள் அந்தப் பதினெட்டுப் பெண்களும். பேராதனையில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவள் அவர்களுக்கு மலையைச் சொல்லிக்கொடுப்பதா? அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

அம்மா ரொட்டி சுட்டார். கட்டச்சம்பல். கூட்டைப் பற்றிப் பேசவில்லை.

பெப்ரவரி 13, செவ்வாய்

குளவி கலைந்துவிட்டது. பதினோராம் நம்பரில். காலை ஒன்பது மணிபோல. கூட்டைக் கழுகு அடித்ததாம்.

ஏழு பேருக்குக் கொட்டு. அம்மாவுக்கு நான்கு, கழுத்திலும் காதுக்குப் பின்னாலும். அம்மாக்கண்ணு பெரியம்மாவுக்கு எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் ஓடினார்கள். அவரால் முடியவில்லை. அவருடைய வலது முழங்கால் இரண்டு வருடமாக மடங்குவதில்லை. ஓடவும் முடியாமல், செடிக்கடியில் குந்தவும் முடியாமல், நின்றிருக்கிறார். நின்றபடியே.

எங்கள் அடுத்த காம்பரா. ஒரே சுவர். அவர் இருமினால் எங்களுக்குக் கேட்கும்.

லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. பத்து நிமிடம் நின்று பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று மேலே எழுதியும் வைத்திருக்கிறேன். இல்லை, அழகு என்ற சொல் இல்லை. திருப்பிப் பார்த்தேன். அதைவிட மோசமாக எழுதியிருக்கிறேன்.

பெப்ரவரி 14, புதன்

அம்மாவை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முகம் வீங்கி, இன்னொருவர் முகம்போல் இருக்கிறது. பெரியம்மாவைப் பார்க்க விடவில்லை. வெளியே பெஞ்சில் அவருடைய மகன் ஜீவராஜ் அண்ணன். தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவர். சாப்பிடவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கூடு இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?”

“அய்யோ, தெரியாதுப்பா.”

என்னிடமும் கேட்டார். “சுலா, ஒனக்கு?”

“தெரியாதுண்ணே.”

இவ்வளவு வேகமாக ஒரு பொய் சொல்ல எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. அவர் என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததுபோல் இருந்தது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

பெப்ரவரி 15, வியாழன்

பெரியம்மா போய்விட்டார். காலை பத்தரைக்கு.

பெப்ரவரி 16, வெள்ளி

அடக்கம் முடிந்தது. தப்பு மேளச் சத்தம் இன்னும் மண்டைக்குள்.

அம்மாவின் செட்டை வேலை வாங்கும் கந்தப்பன் கங்காணி வந்தார். கையில் மாலையோடு லயத்து முற்றம்வரை வந்தவரை ஜீவராஜ் அண்ணன் தடுத்தார். “மலையப் பாக்காம எங்கம்மாவ உள்ள அனுப்புனது நீதான். இங்க வராத.” எப்போதும் மாமா என்றுதான் கூப்பிடுவார். இன்று நீ. கங்காணி மாலையை வேலிக்கம்பில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். யாரும் எதுவும் பேசவில்லை. நானும்தான்.

பெப்ரவரி 17, சனி

கங்காணிகளுக்கு மேலே இருக்கும் கண்டாக்கு ஐயா விசாரணை வைத்தாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

தினமும் பெரட்டில் கங்காணி ஆட்களைப் பிரித்து நிறுத்திவிட்டு, “மலை சுத்தமா?” என்று கேட்பார். குளவி, பாம்பு, இடிந்த படி, எதுவாக இருந்தாலும் முதல் நாள் அங்கே போனவர்கள் அப்போது சொல்ல வேண்டும். “சுத்தங்க” என்று பெண்கள் சேர்ந்து சொன்னால்தான் நகர விடுவார். சுத்தமில்லை என்றால் அந்த மலையை விட்டு வேறு நம்பருக்கு அனுப்புவார். செவ்வாய்க்கிழமை கேட்டேன், சுத்தம் என்றார்கள் என்று கங்காணி சொல்லியிருக்கிறார். பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்கள்.

“என்னம்மா சொன்னீங்க?”

“கேக்கலன்னு சொன்னோம்.”

“எல்லாருமா?”

“எல்லாருந்தான்.”

கங்காணியை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பெப்ரவரி 18, ஞாயிறு

முதல் வருடம், முதல் விரிவுரை. அறிதல் என்றால் என்ன? ஒன்றை நம்ப வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டும். நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் அறிதல். இதற்குள் ஓட்டை இருக்கிறதா என்று மூன்று வருடம் தேடினோம். கன்டீனில் தேத்தண்ணி ஆறும்வரை சண்டை போட்டோம்.

நான் நம்பினேன். உண்மையாக இருந்தது. கண்ணால் பார்த்தேன். மூன்றும் என்னிடம் இருந்தன. அவை மூன்றும் என் மண்டைக்குள் சுகமாகப் படுத்துக் கிடந்தன.

கூடப் படித்த ரஜனியோடு போனில் பேசினேன். யாழ்ப்பாணத்தில் இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். முழுவதையும் சொன்னேன்.

“நீ சொல்லியிருந்தா அவை கேட்டிருப்பினமே?” என்றாள்.

“தெரியாது.”

“பிறகென்ன? உன்ர மனச்சாட்சியை நீயே தூக்கி வச்சுப் பாக்கிறாய். அதுவும் ஒரு பெருமைதான்டி.”

போனை வைத்த பிறகு கோபம் வந்தது. அவள் சொன்னது பாதி சரி என்பதால் வந்த கோபம்.

பெப்ரவரி 20, செவ்வாய்

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். கங்காணியின் மருமகள் குடத்தோடு வந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி நிறைந்த குடங்களோடு. அவள் நிதானமாகத் தன் குடத்தை வைத்து நிரப்பினாள். நீர் விழும் சத்தம் மட்டும். நான் போகவில்லை. ஆனால் பேசவும் இல்லை. போகாமல் நின்றதைப் பெரிதாக நினைத்துக்கொண்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

திரும்பும்போது கங்காணியைக் கோவில் வளைவில் கண்டேன். வேலைக்குப் போகாத மனிதர், வேலைக்குப் போகும் உடுப்போடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன புள்ள, நீ எங்கூடப் பேசலாமா? ஒங்கம்மா ஏசப் போறாங்க.”

“பரவால்ல மாமா.”

கொஞ்ச நேரம் கீழே ரோட்டைப் பார்த்தார். “நான் கேட்டேன். இருபத்தாறு வருசமா கேக்குறேன். கேக்காம ஒரு நாளும் காலெடுத்து வச்சதில்ல. பதினெட்டுப் பேரும் கேக்கலங்குறாங்க. இப்ப ராவுல படுத்தா, நான் அன்னைக்குக் கேட்டேனா இல்லியான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

ஒரு மனிதன் செய்த காரியத்தை அவன் நினைவிலிருந்தே பிடுங்கிவிடலாம். பதினேழு பேர் போதும். பெரியம்மாவைக் கழித்தால் பதினேழு.

பெப்ரவரி 22, வியாழன்

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்துக் கேட்பது எளிது.

“கங்காணி அன்னைக்குக் கேட்டாருதானேம்மா?”

துருவல் சத்தம் நிற்கவில்லை. பிறகு நின்றது.

“கேட்டாரு.”

“நீங்க?”

“சுத்தம்னு சொன்னோம்.”

“கூடு இருந்தது தெரியாதா?”

“தெரியும்.” தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். “சனிக்கெழமயே அம்மாக்கண்ணு பாத்துட்டா. அவதான் மொதல்ல பாத்தது. கங்காணிட்ட வாயத் தொறந்துராதீங்கடி, பதினாலாம் நம்பருக்குத் தொரத்திருவான், அந்த மேட்டுக்கு என் காலு ஏறாதுன்னா. பாவமா இருந்துச்சு. பதினாலுக்கு ஏற எங்களுக்குந்தான் யாருக்கு ஆச? மரத்துலேருந்து ரெண்டு நெர தள்ளி, சத்தம் போடாம எடுத்துட்டு வந்துருவோம்னு பேசிக்கிட்டோம். சிரிச்சிக்கிட்டேதான் பேசுனோம்.”

“அப்ப ஏன் கங்காணி கேக்கலன்னு சொன்னீங்க?”

“கேட்டாருன்னா, அடுத்து யாரு மறைக்கச் சொன்னதுன்னு வரும். அவ மண்ணு ஈரங்கூடக் காயல. செத்தவ பேர எப்படிச் சொல்றது?”

“உயிரோட இருக்கிறவரு?”

அம்மா தேங்காய் மூடியை மறுபடி கையில் எடுத்தார். அப்போதுதான் நானும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை.

“நீயுமா?” அம்மா என்னை இப்படிப் பார்த்ததே இல்லை. “பாத்துட்டு ஏன் எங்கிட்ட சொல்லல?”

“ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“தெரியுந்தான்.”

 பிறகு அம்மா மெதுவாகச் சொன்னார், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை. “நீ சொல்லியிருந்தா வீட்டுல பேச்சு வந்திருக்கும். பேச்சு வந்திருந்தா எனக்குப் பயம் வந்திருக்கும்.”

இதை எந்த விரிவுரையிலும் நான் கேட்டதில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, பயம் வரவில்லை. தெரிந்த ஒன்று இன்னொரு வாயிலிருந்து வந்து காதில் விழும்வரை அது உடம்புக்குள் இறங்குவதில்லையா? எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், பெரியம்மாவுக்குத் தெரியும். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் தெரியும். சுவர் மட்டும்தான் நடுவில்.

பெப்ரவரி 23, வெள்ளி. போயா லீவு

சொன்னால் பெரியம்மாவின் பெயர் போகும். அதுவும் அவருடைய மகனிடம். சொல்லாவிட்டால் கங்காணி. எந்தப் பக்கம் நடந்தாலும் யாரையாவது மிதிக்கிறேன். சாப்பிட முடியவில்லை. நான்கு தரம் முற்றத்தைக் கூட்டினேன்.

பெப்ரவரி 24, சனி

என் பங்கை மட்டும் சொல்லலாம். அது என்னுடையது, சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

வசதியான முடிவு. வசதியாக இருப்பதால் சந்தேகம்.

பெப்ரவரி 25, ஞாயிறு

மதியம். ஜீவராஜ் அண்ணன் பாலத்துக்குக் கீழே ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையில் கீழ் லயத்தில் வீடு வீடாகப் போய் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாராம். ஏற்கனவே கேட்ட வீடுகளிலும். ஆள் கிறுக்காகப் போகிறான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“நான் பாத்தேன். அந்தக் கூட்ட. கலையுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி.”

அவர் கை நிற்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஆஸ்பத்திரில கேட்டப்ப இல்லன்னியே.”

“பயந்துட்டேன்.”

“ம்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் போயிருப்பேன். துணியைப் பிழிந்து, மறுபடி நனைத்தார். அப்போதுதான் அடுத்ததும் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“கந்தப்பன் மாமா அன்னைக்குக் கேட்டிருக்காரு. இவுங்கதான் சுத்தம்னு சொல்லியிருக்காங்க. அம்மாவே எங்கிட்ட சொன்னாங்க.”

“யாரு அப்படிச் சொல்லச் சொன்னதாம்?”

பெயர் நாக்கில் இருந்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன்.

“ஒனக்குத் தெரியுது. சொல்ல மாட்டேங்குற,” என்றார். “எங்கம்மாதானே.”

நான் தலையாட்டக்கூட இல்லை.

“சனிக்கெழம சாயங்காலம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு எங்கிட்ட சொன்னாங்க. இந்த மாதிரி ஒண்ணு இருக்கு, கங்காணிட்ட சொல்லலாமான்னு ஒரு ரோசனயா இருக்குன்னாங்க. நான்தான் வேணாம்னேன். ஒங்க காலுக்குப் பதினாலு ஏற முடியாது, ரெண்டு நாள்ல அந்த மலை முடிஞ்சிரும், பேசாம இருங்கன்னு. போன்ல எதையோ பாத்துக்கிட்டே சொன்னேன். மொகத்தக்கூடப் பாக்கல.”

துணி கையிலிருந்து தண்ணீரில் விழுந்து போனது. எடுக்கவில்லை.

“பிறகு ஏண்ணே எல்லாருகிட்டயும் கேட்டீங்க?”

“ஒருத்தராவது தெரியும்னு சொல்லட்டும்னு. ஒருத்தர் சொன்னா, எனக்கும் தெரியும்னு நானும் சொல்லிருவேன்னு நெனச்சேன். தோட்டம் பூரா கேட்டுட்டேன். நீதான் மொத ஆளு.”

 சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணை நான் ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பெப்ரவரி 26, திங்கள்

காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை. டியூஷனுக்குப் போனேன், என்ன நடத்தினேன் என்று ஞாபகமில்லை.

மார்ச் 1, வெள்ளி

கருமாதி. பதினாறாம் நாள்.

மொட்டையடித்த தலையோடு, சடங்கு முடிந்த கையோடு, ஜீவராஜ் அண்ணன் தனியாக இறங்கிப் போனார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. பந்திக்கு இலை போட்ட பிறகு திரும்பி வந்தார். பின்னால் கந்தப்பன் கங்காணி, புதுச் சட்டையில், ஒரு எட்டு தள்ளி.

லயத்து முற்றத்தில் பேச்சு அப்படியே நின்றது. அம்மாவின் கையில் சோற்று வாளி.

“மாமா மேல தப்பில்ல,” என்றார் அண்ணன். சத்தமாகக்கூட இல்லை. “அந்தக் கூடு இருந்தது எங்கம்மாவுக்குத் தெரியும். எனக்குந் தெரியும். மாமாவுக்குத்தான் தெரியாது.”

அவ்வளவுதான். என் பெயரையோ மற்றப் பெண்களின் பெயரையோ சொல்லவில்லை. பதினாறு பேர் தங்கள் இலையைப் பார்த்தார்கள், அம்மா சோற்று வாளியை. யாரோ ஒரு கிழவர், “சரி சரி, ஒக்காருங்கப்பா, சோறு ஆறுது,” என்றார். கங்காணிக்கு அண்ணனே இலை போட்டு, அண்ணனே பரிமாறினார். கங்காணி இரண்டு வாய்தான் சாப்பிட்டார். தண்ணீர் நிறையக் குடித்தார்.

எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அந்த முற்றத்தில் “எனக்கும்” என்று எழுந்து சொல்ல எனக்கு ஒரு நிமிடம் முழுதாகக் கிடைத்தது. நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4, திங்கள்

அண்ணனும் கங்காணியும் தோட்டத்து ஆபீசுக்குப் போனார்கள். நானும் போனேன். கண்டாக்கு ஐயாவிடம் ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். “நீங்க படிச்ச பிள்ளதானே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 7, வியாழன்

ரஜனி போனில் கூப்பிட்டாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “இப்ப உனக்கு லேசா இருக்கோ?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப சரி,” என்றாள். ஏன் சரி என்று கேட்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

கந்தப்பன் கங்காணி நேற்று மறுபடி வேலைக்கு வந்துவிட்டார்.

அம்மா இன்று ஏழு மணிக்குத்தான் வீடு வந்தார். வழக்கமாக ஐந்துக்கு முன்பே வந்துவிடுவார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கக்கூட இல்லை.

“என்னம்மா?”

“பதினாலு.”

ஏழாம் நம்பருக்குத்தான் போகவேண்டியிருந்ததாம். காலையில் பெரட்டில் கங்காணி கேட்டிருக்கிறார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லையாம், சுத்தம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவரும் நகரவில்லை. கடைசியில் அம்மாதான் சொல்லியிருக்கிறார், தண்ணித் தொட்டிக்கு மேலே குளவிக்கூடு ஒன்று தொங்குகிறது என்று. உடனே பதினெட்டுப் பேரையும் பதினாலுக்கு அனுப்பிவிட்டார். பெரியம்மாவின் இடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள்.

“ஏறி எறங்கி உசுரு போயிருச்சு. வர்ற வழியெல்லாம் ஒருத்தியும் எங்கூடப் பேசல. வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதான்னு என் காதுல விழுற மாதிரியே ஏசிக்கிட்டு வாறாளுங்க.”

பேசினில் சுடுதண்ணீர் வைத்தேன். காலை உள்ளே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். குதிகால் வெடிப்புகளில் மண்.

“வலிக்குதா?”

“பின்ன?”

கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“நாளைக்கும் பதினாலுதானாம். இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

ஊற்றினேன்.